என்ன லோடு?

புளியரைச் சாவடியில் இருபத்தாறு வருஷம்
லாரிகளை நிறுத்திக் கேட்டவன் நான்.
என்ன லோடு? பில் எங்கே?
வாழைத்தார் அடுக்குக்குக் கீழே இருப்பதைக்
கம்பியால் குத்திப் பார்க்காமலே சொல்வேன்.
டிரைவர் கைலியை மடித்துக் கட்டுகிற விதம் போதும்.

சாவடியை எடுத்துவிட்டார்கள்.
என் மேஜை கிடந்த இடத்தில்
இப்போது பலாச்சுளை விற்கிறார்கள்.
செங்கோட்டையில், சாரலுக்குப் பாசி ஏறிய வீட்டில்
நானும் ஆவுடையும்,
இரண்டு பேருக்கு மூன்று டப்பா மாத்திரையும்.
கிழமை எழுதிய டப்பாவில்
வியாழன் திறக்காமல் கிடந்தால்
அன்று வெள்ளி என்று அர்த்தம்.

உப்பைக் குறை என்று டாக்டர் சொன்னதிலிருந்து
அவள் என் தட்டைச் சோதிக்கிறாள்,
நான் அவளுடைய சீனி டின்னை.
நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு தரம் பிடிபட்டது.
மற்றபடி எல்லாம் நேர்மையாகத்தான் நடக்கிறது
என்றிருந்தேன்.

போன ஐப்பசியில் ஒரு போன்.
கருவூலத்திலிருந்து பேசுகிறார்களாம்.
"உயிரோடு இருப்பதற்கான சான்று பதியவில்லை ஐயா,
பென்ஷன் நின்றுவிடும்."
கார்பன் தாளில் தேய்ந்த விரல் என்னுடையது.
மெஷின் ஏற்கெனவே இரண்டு தரம்
இந்த ஆள் இல்லை என்று சொல்லியிருந்தது.
அதனால் நம்பினேன்.
இருக்கிறேன் என்று காட்டுவதற்காக
ஆறு எண்களை ஒவ்வொன்றாக, நிறுத்தி, சொன்னேன்.
பதினோராயிரத்து நானூறு ரூபாய்.
பில் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

கார்த்திகை முழுக்க
குண்டாறு ரோட்டில் டாக்டர் சொன்ன அரைமணி நேரம்
பாஸ்புக்கைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.
வியர்த்து, கடைசிப் பக்கத்தில் மை ஊறிவிட்டது.

தை பிறந்து குழாய் சொட்டியது.
வாஷர் மாற்ற ஆரியங்காவிலிருந்து ஷிபு வந்தான்.
போகிற போக்கில்
குளியலறைச் சுவரைத் தட்டிப் பார்த்தான்.
"சாரே, சேச்சி கேட்ட கைப்பிடிக் கம்பி, இன்னைக்கே போடட்டா?"

எந்தக் கம்பி?

"அன்னைக்கு வழுக்கி விழுந்தாங்களே.
ரேட்டு கேட்டாங்க, பிறகு வேண்டாம்னு சொல்லிட்டாங்க.
சார் முகத்தைப் பார்த்தா கையில காசு இல்லாத மாதிரி
இருக்குதுன்னு."

அடுப்படியில் கடுகு வெடித்து முடிந்து
அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.
எழுந்திருக்கும்போதெல்லாம் மூன்று மாதமாக
அவள் சுவரைத் தொட்டதை நான் பார்த்திருக்கிறேன்.
பார்த்தேன், அவ்வளவுதான்.

"எவ்வளவு போச்சு?" என்றாள், திரும்பாமல்.
சொன்னேன்.
"அவ்வளவுதானா? நான் ஐம்பதாயிரம்னு நினைச்சு
ரெண்டு சிட்டு கட்டாம விட்டேனே!"
கரண்டியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்,
சுவரைத் தொட்டு.
"பேங்க்ல எழுதிக் கொடுக்கணும். போலீஸ்லயும்.
வராது. ஆனாலும் எழுதணும்."
"நீ எலும்பு டாக்டரைப் பார்க்கணும்."
"பார்க்கலாம்."
"நாளைக்கு."
"உங்க பேங்க்குக்குப் பிறகு."

ஷிபு நாலு துளை போட்டான்.
வழுக்கும் மிதியடியைச் சுருட்டி வெளியே எறிந்தான்,
அதற்கு அவனிடம் யாரும் சொல்லவில்லை.
ராத்திரி விளக்கு ஒன்றை நடையில் மாட்டினான்.
"ஆனை பிடிச்சாலும் வராது சாரே.
ஆனா சாந்து காயணும். மூணு நாளைக்குத் தொடக் கூடாது."

அந்த மூன்று நாளும்
அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே
ஸ்டூல் போட்டு நான்.
தாழ்ப்பாள் போடவில்லை, அது புதுச் சட்டம்.
வாளி நகரும் சத்தம் கேட்டால் குரல் கொடுப்பேன்:
என்ன லோடு?

"வெந்நீர் ஒரு வாளி, சார்."

பில் எங்கே?

உள்ளே சிரிப்பு. தண்ணீர் சிந்துகிறது.
நான் எழுந்துவிட்டேன்.

"வராதீங்க, தரையெல்லாம் ஈரம்.
அங்கேயே நில்லுங்க."